வெளிப்பக்கம் பார்த்த அம்புகள்

அக்கராயன்
14.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை தனுஷா எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. உங்கள் வயிற்றுவலி எப்படி என்பதை வேறு எதையும் எழுதும் முன் அம்மா கேட்கச் சொன்னா. கேட்டுவிட்டேன்.

போன முறை உங்களைப் பார்க்க வந்தபோது, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் ஒன்றாகக் கத்திக் கதைத்துக்கொண்டிருக்க, நீங்கள் என்னிடம் "என்ன படிச்சனீ?" என்று கேட்டீர்கள். அவ்வளவு சத்தத்துக்கு மேல் எனக்கு வாய் வராது. சிரித்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்துவிட்டது. உங்களைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் ஆறாம் வகுப்பு. பெரிய ஆளாக உங்களோடு நான் கதைத்ததே இல்லை. எழுதுவதென்றால் வெட்கம் குறைவு.

பட்டமளிப்பு முடிந்தது. பௌதிகவியலில் சிறப்புப் பட்டம். இத்தோடு படம் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் அப்பா கமராவைப் பார்க்காமல் என் கறுப்பு அங்கியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஊருக்கு வந்ததும் கமலாசனி அன்ரி வேலியடியில் மறித்து, "உங்கட ஆக்களிலையும் இப்ப கம்பஸ் போகினம் என்ன, நல்லது" என்றா. மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்பதை அவா இன்னும் மறக்கவில்லை. பிறகு, டொக்டருக்கோ என்று கேட்டா. பௌதிகம் என்றேன். "அப்ப அதை வைச்சு என்ன செய்யிறது?" என்றா.

என் கடைசி வருட ஆய்வு வெற்றிடத்தைப் பற்றியது. ஒன்றுமே இல்லாத இடத்தைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டு அம்மாவே, "அதுக்கா புள்ள இத்தன வருசம்?" என்கிறா.

கம்பஸில் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். துறைத் தலைவர்தான் போடச் சொன்னார். கிடைத்தால் அந்த வெற்றிடத்தையே தொடர்ந்து படிக்கலாம்.

உடம்பைக் கவனியுங்கள்.
தங்கை தனுஷா


சிறைச்சாலை
20.11.2023

அன்புத் தங்கச்சி தனுவுக்கு,

அண்ணன் ரூபன் எழுதுகிறேன். வயிறு பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல். உறைப்பைக் குறைத்துவிட்டேன் என்றும் சொல். இங்கே உறைப்பே இல்லை என்பதைச் சொல்லாதே.

உன் கடிதம் கைக்கு வரச் சுணங்கிவிட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் எப்போதாவதுதான் இங்கே வருகிறார். அவர் வாசித்து முத்திரை குத்தினால்தான் எங்களுக்குத் தருவார்கள். ஆகவே நீ ஒரு கேள்வி கேட்டால் பதில் அடுத்த போகத்துக்குத்தான்.

படத்தை எல்லோருக்கும் காட்டினேன். என் பாய்க்குப் பக்கத்துப் பாய் செல்வராசா அண்ணை, முரசுமோட்டைக்காரர். "இது உன்ரை தங்கச்சியோ, இல்லாட்டி நீதிவானோ?" என்று கேட்டார். அந்த அங்கியைப் பார்த்தால் எங்களுக்கு வேறு யோசனை வராது.

ஒன்றுமில்லாததைப் படித்தேன் என்கிறாய். அதில் எனக்கும் நல்ல அனுபவம் இருக்கிறது, பட்டம்தான் தரவில்லை. பகிடி இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்: ஒன்றுமில்லாததில் படிக்க என்ன இருக்கிறது? விளங்கும்படி எழுது.

இனி முக்கியமான செய்தி. லோயர் வந்தார். விடுதலைக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம். சிறையிலிருந்து நன்னடத்தை அறிக்கை போக வேண்டும். அது நல்லதாகப் போனால் வருகிற வருடம் நடுப்பகுதியில் வீட்டில் நிற்பேன் என்கிறார். அம்மாவிடம் பாதியாகச் சொல். முழுதாகச் சொன்னால் இன்றைக்கே அரிசி ஊறப்போட்டுவிடுவா.

அண்ணன் ரூபன்


அக்கராயன்
05.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். குளம் நிறைந்து வான் பாய்கிறது. அப்பா வரம்பு கட்டப் போய் இருமலோடு வந்திருக்கிறார்; கொத்தமல்லி குடித்துக் குறைந்துவிட்டது.

அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். மீதியை என் முகத்தில் பார்த்துவிட்டா. பின் அறையிலிருந்த உர மூட்டைகளை இழுத்து வெளியே போட்டு, சாணி போட்டு மெழுகிவிட்டா. யாராவது ஏன் என்று கேட்டால் எலி என்கிறா.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள் இரண்டு உலோகத் தட்டுகளை நேருக்கு நேர் பிடிக்க வேண்டும். தலைமயிர் நுழைய முடியாத அளவு கிட்ட. மின்னேற்றம் இல்லை, காந்தம் இல்லை. ஆனாலும் தட்டுகள் ஒன்றை நோக்கி ஒன்று போகப் பார்க்கும். அளந்தே பார்த்துவிட்டார்கள்.

காரணம், வெற்றிடம் சும்மா கிடப்பதில்லை. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அதில் ஒரு நடுக்கம் மிஞ்சியிருக்கிறது. எந்த விதமான அலையும் எழும்பி அடங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் தட்டுகளுக்கு நடுவில் எல்லா அலைக்கும் இடம் இல்லை. இரண்டு சுவரிலும் சரியாக முடிகிற அலைகள் மட்டும்தான் அங்கே நிற்கலாம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே உள்ளே குறைவு, வெளியே கூட. வெளியே இருப்பது தட்டுகளை உள்ளே தள்ளுகிறது. நடுவில் எது இல்லையோ, அது இல்லாததால் வருகிற விசை இது.

இன்னொன்றும் இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிற ஒருவருக்கு அதே வெற்றிடம் வெதுவெதுப்பாக இருக்கும். சும்மா நிற்கிறவருக்கு அதில் ஒரு சூடும் இல்லை. யார் சொல்வது சரி என்று ஒருநாள் வகுப்பில் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிறகு புத்தகத்தில் பார்த்தேன்; இரண்டு பேரும் சரிதான்.

விளங்காவிட்டால் வெட்கப்படாமல் எழுதுங்கள். வெட்கத்தை நான் இரண்டு பேருக்குமாகப் படுகிறேன்.

தங்கை தனுஷா


சிறைச்சாலை
18.01.2024

அன்புத் தங்கச்சி தனுவுக்கு,

நலமாக இருக்கிறேன். பொங்கலுக்கு இங்கேயும் பொங்கினோம். கல்லும் மண்ணுமாக இருந்தாலும் சர்க்கரை போட்டார்கள். அப்பாவின் இருமல் எப்படி?

உன் கடிதத்தை நாலு பேர் சுற்றியிருந்து வாசித்தோம். செல்வராசா அண்ணை நம்பவே இல்லை. "ஒண்டுமில்லாதது ஒண்டைத் தள்ளுமோ? உன்ரை தங்கச்சிக்கு ஆரோ நல்லாச் சுத்தியிருக்கினம்" என்கிறார். பிறகு சாப்பாட்டுக் கோப்பைகள் இரண்டை எடுத்து முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார். உண்மையாகவே ஒட்டிக்கொண்டன. ஒரு கோப்பையில் காய்ந்த கஞ்சி இருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. இங்கே அப்படிச் சிரித்து நெடுநாள்.

எனக்கு ஒரு கேள்வி. தட்டு என்றால் சரி, இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ஒரு பந்து மாதிரி எல்லாப் பக்கமும் மூடிவிட்டால்? வெளியே இருப்பது எல்லாப் பக்கத்தாலும் அமத்துமே, அப்படியே நசிந்துபோகுமா? படம் கீறி அனுப்பு. பள்ளிக்கூடத்தில் கீறுகிற மாதிரி அம்புக்குறி போட்டு. படம் இல்லாமல் ஒரு சொல்லும் நம்ப மாட்டேன் என்று செல்வராசா அண்ணை நிற்கிறார்.

நன்னடத்தை அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்களாம். எங்கள் பகுதி அலுவலர் என்னைப் பற்றி நல்லபடி சொல்லியிருக்கிறார் என்று கேள்வி.

அண்ணன் ரூபன்


அக்கராயன்
02.02.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் போய்விட்டது. வெட்டுக்கு மெஷின் வரப்போகிறது என்று வயலைச் சுற்றியே நிற்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத இருந்தேன். படம் கீறக் கவராயம் இல்லை. நான் ரியூசன் கொடுக்கிற பிள்ளை யதுர்ஷிகாவிடம் இரவல் வாங்கினேன்.

நசியாது அண்ணா. எல்லோரும் நீங்கள் நினைத்த மாதிரித்தான் நினைத்தார்கள். தட்டுகளின் விசையை முதலில் சொன்னவரே, பந்தும் உள்ளே இழுபடும் என்றுதான் எதிர்பார்த்தார். பிறகு அமெரிக்காவில் ஒரு மாணவர் கணக்கைப் போட்டுப் பார்க்கக் குறி மாறி வந்தது. பந்து வெளிப்பக்கம் தள்ளுகிறது.

அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் என் ஆய்வு. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எனக்கு நெடுநாளாக உள்ளே என்றே விடை வந்துகொண்டிருந்தது. பந்துக்குள் இருக்கிற அலைகளை மட்டும் எண்ணியதுதான் பிழை. சுவர் வளைந்திருந்தால் அது வெளியே இருக்கிற அலைகளையும் மாற்றும். அவற்றையும் எண்ண வேண்டும். உள்ளே எண்ணினால் முடிவிலி, வெளியே எண்ணினாலும் முடிவிலி. இரண்டையும் கூட்டி, சுவரே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் ஒரு சின்ன எண் மிஞ்சும். அந்த எண் சரியான குறியோடு வந்த அன்று விடுதி அறையில் தனியாக இருந்து சிரித்தேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை என்னவென்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் மாடு கன்று போட்டிருக்கு என்று சொன்னேன்.

ஏன் வெளியே என்று ஒரு வசனத்தில் சொல்லக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. துறைத் தலைவருக்கும் தெரியாது. கணக்கு அப்படிச் சொல்கிறது.

படம் மறுபக்கத்தில். கோளத்தைப் பாதியாக வெட்டிக் காட்டியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் வெறுமையாக விட்டிருக்கிறேன். சிவப்பு அம்புகள் அமுக்கத்தின் திசை. ஆரையும் சூத்திரமும் கீழே. செல்வராசா அண்ணைக்காகச் சுவரைத் தடிப்பாகக் கீறியிருக்கிறேன்.

கம்பஸ் நேர்முகம் வைகாசியில். நீங்கள் வந்து நிற்கிற நேரமாக இருக்கும்.

தங்கை தனுஷா


சிறைச்சாலை
11.04.2024

அன்புள்ள தங்கை தனுஷாவுக்கு,

நான் நலம். வீட்டார் நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. இனிமேல் படிப்பு விஷயம் எழுத வேண்டாம். படங்களும் வேண்டாம். அம்மா அப்பாவைப் பற்றியும் வயலைப் பற்றியும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ரூபன்


அக்கராயன்
28.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டார் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு மேலாகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது ஐந்து வரி. அதில் என்னைத் தனு என்றுகூட எழுதவில்லை.

வயலைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்பா விதைத்துவிட்டார். மயில் வந்து கிண்டுகிறது. கறுப்பி நாய் குட்டி போட்டு இரண்டு செத்தது. அம்மா சுகம். அப்பா சுகம். இதை எழுத நான் கம்பஸுக்குப் போயிருக்கத் தேவையில்லை.

நான் அலட்டியிருந்தால் மன்னியுங்கள். கேட்டபடியால்தான் எழுதினேன். கமலாசனி அன்ரி கேட்பது வேறு விதம். பதில் சொல்லும்போதே அவா கோழியைத் துரத்தப் போய்விடுவா. நீங்கள் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் அது பகிடிக்குத்தான் உதவியது போலிருக்கிறது. கோப்பை இரண்டை ஒட்டிப் பார்த்துச் சிரிக்க.

பட்டியல் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா கேட்கிறா. பின் அறைக்குப் புதுப் பாய் வாங்கியாயிற்று. நான் என்ன சொல்ல?

தங்கை தனுஷா


அக்கராயன்
02.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீங்கள் எப்படி?

போன கடிதத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. போன கிழமை சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு போய்விட்டார்கள். ஒழுங்கையில் நின்ற வாகனத்தைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து யதுர்ஷிகாவும் மற்றப் பிள்ளைகளும் ரியூசனுக்கு வரவில்லை. சோதனை முடிந்துவிட்டதால் இருக்கலாம்.

நேர்முகத்துக்குப் போய் வந்தேன். முடிவு பிறகு சொல்வார்களாம்.

அப்பா சுகம். மழை இல்லை.

தங்கை தனுஷா


30.06.2024

தனு,

இந்தக் கடிதம் செல்வராசா அண்ணையின் சப்பாத்துக்குள் வருகிறது. முத்திரை இருக்காது. வாசித்துவிட்டு வைத்திருக்காதே. எல்லோரும் சுகமா என்று கேட்காமல் தொடங்குவதற்கு அம்மா மன்னிக்க வேண்டும்.

பட்டியலின் முதல் பகுதியில் செல்வராசா அண்ணைக்கு விடுதலை வந்துவிட்டது. என்னுடைய பெயரை ஒரு விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வெட்டவில்லை. அதை முதலில் மனதில் வை.

மாசியில் உன் கடிதம் வந்த கிழமை என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். மேசையில் உன் படம் இருந்தது. சிவப்பு அம்புகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், நீ எவ்வளவு அழகாகக் கீறியிருக்கிறாய் என்று. பிறகுதான் அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன்.

"உள்ளுக்கு என்ன அடைக்கிறது?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

"ஒண்டும் அடைக்கிறதில்லை, சேர். அது வெறுமை."

"ஒண்டும் அடைக்காமல் எப்பிடி வெளியாலை தள்ளும்?"

"அது கம்பஸ்காரருக்கே தெரியாதாம், சேர்."

மொழிபெயர்ப்பவர் அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கினார். கேட்டவர் சிரிக்கவில்லை. நான் எந்த வழக்கில் உள்ளே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். குண்டு என்ற சொல் அந்தக் கோப்பில் எத்தனை இடத்தில் இருக்கிறதோ.

கடைசியில், யார் கீறச் சொன்னது என்று கேட்டார். நீயாக அனுப்பினாய் என்றால் உன்னைத் தேடி வருவார்கள். உனக்குத்தான் இந்த விஷயம் தெரியும். நான் கேட்டேன் என்றால் வேலையில்லாத கைதி ஒருவனின் விடுப்பு, சும்மா அறிகிற ஆசை. அதனால், "நான்தான் கேட்டு எழுதினனான்" என்றேன். உண்மையும் அதுதான். நான் அனுப்பிய கடிதங்களின் திகதி அவர்களுடைய பதிவில் இருக்கிறது.

படம் கேட்டு நான் எழுதிய அந்தக் கடிதத்தை மட்டும் உன்னிடம் வாங்கிப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று லோயர் சொல்கிறார். கோப்பைக் கதை, செல்வராசா அண்ணையின் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. அதை வாசிக்கிற எவனும் குண்டு என்று நினைக்க மாட்டான். தை மாதக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திரு. யாராவது வந்தால் அண்ணன் கேட்டுத்தான் கீறினேன் என்று சொல்லு.

அந்த ஐந்து வரிக் கடிதத்தைச் சித்திரையில் திரும்பக் கூப்பிட்டபோது அவர்கள் முன்னால் இருந்து எழுதினேன். தனு என்று எழுத அந்த இடத்தில் மனம் வரவில்லை.

அண்ணன்


10.07.2024

அண்ணா,

லோயரோடு வேலை செய்கிற கஜேந்தினி அக்கா உங்களைப் பார்க்க வருகிறா. அவாவின் கோப்புக்குள் இது வரும்.

செல்வராசா அண்ணை நேரே வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, கடிதத்தைத் தந்தார். வாசித்தேன். உங்கள் கடிதம் பிந்திவிட்டது அண்ணா. அவர்கள் வைகாசியிலேயே வந்துவிட்டார்கள்.

வருவதற்கு முதல் நாள் எங்கள் கிராம அலுவலர், விதானையார் மயில்வாகனம் சைக்கிளில் வந்து, "நாளைக்கு ஆக்கள் வருவினம் பிள்ளை, ரூபன்ரை கடிதங்களைக் கேப்பினம், எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனத்தோடு சொன்னவர். நான் உங்கள் கடிதங்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். படத்தால் ஏதோ வந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. தை மாதக் கடிதத்தில் "படம் கீறி அனுப்பு" என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. விடுதலைக்கு நிற்கிற ஆள் கேட்டு எழுதியது என்றால் விடுவார்களா என்று நினைத்தேன். நான் பட்டதாரிப் பிள்ளை, என்னை என்ன செய்வார்கள் என்றும் நினைத்தேன். அதைக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். ஒருவருக்கு நல்ல தமிழ் தெரியும். "பயப்பிடாதையுங்கோ தங்கச்சி, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். நான் சொன்னேன். தட்டிலிருந்து தொடங்கி, அலை, சுவர், முடிவிலி எல்லாம். வாய் தடக்கவில்லை. அவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதினார்கள். என் ஆய்வை முழுக்க இருந்து கேட்ட ஆட்கள் அவர்கள் மட்டும்தான் அண்ணா. நடுவில் ஒரு கட்டத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கோளத்தைப் பெரிதாகச் செய்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். பெரிதாக்க விசை குறைந்துகொண்டே போகும், பிறகு இல்லையென்றே சொல்லலாம் என்றேன். சின்னதாகச் செய்தால்? கூடும் என்றேன். கூடும் என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

பிறகு, "அண்ணா கேட்டவரோ, நீங்களா அனுப்பினதோ?" என்றார்.

"நானாத்தான் அனுப்பினனான். அண்ணாவுக்கு இது ஒண்டும் விளங்காது."

"தை மாசம் அவர் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அது எங்கை?"

"வரேல்லை."

பக்கத்தில் இருந்த அம்மா அப்போது வாயைத் திறந்து, "வந்துச்சே புள்ள, கோப்பை ஒட்டுன கதையெல்லாம் வாசிச்சுக் காட்டுனியே" என்றா. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து உதவி செய்தா. அதையும் எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன்.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். நான் உங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆளுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறைக்கிற மாதிரித்தான் இருக்கும்.

கஜேந்தினி அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திருத்தி இன்னொரு வாக்குமூலம் கொடுக்கலாமா என்று கேட்டேன். மாற்றிச் சொன்னால் இன்னும் பழுதாகும் என்கிறா. என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நேர்முகம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

தனு


சிறைச்சாலை
25.08.2024

அன்புள்ள தங்கை தனுஷாவுக்கு,

நலம். அனைவரின் நலத்தையும் விரும்புகிறேன்.

லோயர் சொல்லியிருப்பார். பட்டியலின் இரண்டாம் பகுதி வந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை. நன்னடத்தை அறிக்கையைத் திருப்பி எடுத்துவிட்டார்களாம். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவிடம் பிந்தும் என்று மட்டும் சொல்லவும். பின் அறையை உர மூட்டைகளுக்குத் திரும்பக் கொடுத்துவிடலாம், இடம் வீணாகக் கிடக்க வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நாளைக்குப் பார்க்க வர வேண்டாம். வயிறு நல்லாக இருக்கிறது.

இப்படிக்கு,
ரூபன்


அக்கராயன்
15.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றுகிறா.

பிந்தும் என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக் கூரை வளையில் வைத்துவிட்டா. மூட்டைகளை உள்ளே வைக்க விடவில்லை. அப்பா அவற்றைத் தறப்பாளால் மூடி வெளியே வைத்திருக்கிறார்.

மழை இன்னும் தொடங்கவில்லை. குளம் அடிக்குப் போய்விட்டது. சிறுபோகம் பரவாயில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையில் பஸ் ஒழுங்கை முடக்கில் வந்து ஏற்றும். சட்டைக் கழுத்துப் பட்டி தைக்கிற வரிசையில் விட்டிருக்கிறார்கள். கஷ்டமில்லை. சத்தம் அதிகம் என்பதால் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. எனக்கு அது வசதி.

புத்தகங்களை யதுர்ஷிகாவுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுபோனேன். அவளுடைய தாய் படலையில் வைத்தே, வேண்டாம் என்று சொன்னா. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

கறுப்பியின் மிச்சக் குட்டிகள் வளர்ந்துவிட்டன. அப்பாவின் கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், பயமில்லையாம்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறா. என்ன எழுதினே, வாசி என்கிறா. இனி வாசித்துக் காட்டப் போகிறேன். எந்த வரியையும் தாண்டத் தேவையில்லை. இந்தக் கடிதத்தை யாரும் வாசிக்கலாம், அண்ணா. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை தனுஷா